மிதிக்க மிதிக்க இறங்கும் பிரேக் பெடல்: ஆயில் எங்கே போகிறது?

மதுரை ஆண்டாள்புரம் பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டிகள் நகராமல் நின்றன. இறக்கத்தில் என் 1998 மாடல் மாருதி 800. கால் பிரேக்கில்தான் இருந்தது. அழுத்தத்தை நான் குறைக்கவும் இல்லை. ஆனால் வைகை மணலில் நிற்கும்போது கால் புதைவதுபோல, பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. வண்டி ஒரு முழம் நகர்ந்து, முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு நாலு விரல் இடைவெளியில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை அப்புறமும் வெகுநேரம் அதை விடவில்லை. பின் சீட்டில் அம்மா இருந்தார்.

மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, அதாவது குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் முன்பைவிட மோசம். பிறகு வில்லாபுரத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: “டப்பால ஆயில் குறையுதா தம்பி?” இல்லை என்றேன். “அப்ப வெளிய போகலை. உள்ளயே சுத்துது.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். பெடல் இறங்கினால் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிக்காதீர்கள். ஆயில் எங்கே போகிறது என்று தேடுங்கள். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே பெடல் இறங்குகிறது என்றால், அந்த அளவு ஆயில் ஏதோ ஓரிடத்துக்குப் போயே ஆகவேண்டும். வெளியே சொட்டலாம், அல்லது சிலிண்டருக்குள்ளேயே பின்வாங்கி டப்பாவுக்குத் திரும்பலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், அம்பாசடர், பத்மினி போன்ற எளிய பிரேக் உள்ள வண்டிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏபிஎஸ் (ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் பார்வையால் செய்கிற சோதனைகளை மட்டும் செய்துவிட்டு, மற்றதை அந்த வண்டி தெரிந்தவரிடம் விடுங்கள்.

முதலில், வண்டியை எடுக்காதீர்கள்

பெடல் இறங்குகிற வண்டியைப் ‘பக்கத்துத் தெருதானே’ என்று ஓட்டிப்போகக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேலே ஏற்றிப்போகிற வண்டியை வரவழையுங்கள். கயிறு கட்டி இழுப்பது இன்னும் ஆபத்து. முன்னால் போகிறவர் நிறுத்தினால் பின்னால் வருகிற உங்களால் நிறுத்த முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால்: காலை எடுத்து எடுத்து வேகமாக மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் புதிதாகக் கொஞ்சம் ஆயில் உள்ளே போகும், கசிவை முந்திக்கொண்டு கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். இதை நின்றிருக்கும் வண்டியில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, கை பழகியிருக்க வேண்டும்.

மிதித்தால் உள்ளே நடப்பது

பெடலுக்கு நேர் எதிரே, இன்ஜின் பக்கம் சுவரில் பொருத்தியிருக்கும் சின்ன உலோகக் குழல்தான் மாஸ்டர் சிலிண்டர். அதன் தலைமேல் ஆயில் டப்பா. குழலுக்குள் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றிக் கிண்ணம்போல வாய் விரிந்த ரப்பர் கப். நீங்கள் மிதித்ததும் பிஸ்டன் முன்னால் நகரும். டப்பாவிலிருந்து ஆயில் வருகிற சிறு துளையைக் கப் தாண்டியதும் அந்த வழி அடைபட்டு, முன்னால் உள்ள ஆயில் முழுவதும் சக்கரங்களை நோக்கித் தள்ளப்படும். அங்கே டிஸ்க் என்றால் கேலிப்பர், அது பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும். டிரம் என்றால் வீல் சிலிண்டர், அது ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்தும்.

இந்தச் சின்னக் கப் என்ன பாடுபடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடைக்கு மிதிக்கிறீர்கள். பெடல் நெம்புகோலாக வேலை செய்து அதை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேல் 100 கிலோ. பிஸ்டனின் விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 35 கிலோ. உங்கள் டயருக்குள் இருப்பது 2 கிலோ சொச்சம்தான். டயர் காற்றைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தை அந்த ரப்பர் விளிம்பு ஒவ்வொரு சிக்னலிலும் தாங்குகிறது, அதுவும் இருபது வருடமாக.

அந்த விளிம்பு தேய்ந்தாலோ, கிழிந்தாலோ, அல்லது அது உரசுகிற சுவர் துருவால் சொறி பிடித்தாலோ, ஆயில் விளிம்பைத் தாண்டிப் பின்னால் நழுவி டப்பாவுக்கே போய்விடும். பெடல் இறங்கும். டப்பாவில் ஒரு சொட்டும் குறையாது. தரையிலும் ஈரம் இருக்காது. ‘லீக் எதுவும் இல்லையே’ என்று நினைத்து எத்தனையோ பேர் ஏமாறுவது இங்கேதான். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

காலால் தெரிந்துகொள்வது

பெடல் சரியில்லை என்று சொல்வதில் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘பிரேக் இறங்குது’ என்றே சொல்வதால்தான் தப்பான பாகத்துக்குக் காசு போகிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பூஸ்டர் (இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தால் மிதிக்கு வலு சேர்க்கும் பாகம்) உள்ள வண்டி என்றால் முதலில் நாலைந்து முறை மிதித்து அதில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள்.

இப்போது நிதானமாக மிதித்து, அழுத்தம் மாறாமல் ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்துக்கொண்டால் சந்தேகம் இருக்காது. கால் பொய் சொல்லலாம், ஸ்கேல் சொல்லாது. கெட்டியாக நின்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனால், அதுதான் உண்மையில் இறங்கும் பெடல். வெளியிலோ உள்ளிலோ கசிவு இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். ஓங்கி மிதித்துச் சோதித்துவிட்டு ‘நல்லா நிக்குதே’ என்று விட்டுவிடாதீர்கள். ஓங்கி மிதிக்கும்போது அழுத்தமே ரப்பர் விளிம்பைச் சுவரோடு விரித்து ஒட்டவைத்துவிடும். லேசாக, சிக்னலில் நிற்கும்போது காலை வைத்திருக்கிற அளவுக்கு மெதுவாக மிதிக்கும்போதுதான் தேய்ந்த விளிம்பு ஆயிலை நழுவ விடும். என் வண்டி கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒழுங்காக நின்றது. ஊருக்குள் ஊர்ந்துபோகும்போதுதான் காட்டிக்கொடுத்தது. எனவே மூன்று வகையாகச் சோதியுங்கள்: ஓங்கி, நடுத்தரமாக, மிக லேசாக. வண்டி சூடாக இருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள். சூட்டில் ஆயில் இளகி இன்னும் சுலபமாக நழுவும். சித்திரை வெயிலில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே தெரிகிற கோளாறு மார்கழிக் காலையில் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

மற்றவை வேறு கதை. மிதித்தால் பஞ்சுபோல மெத்தென்று இருந்து, ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால், உள்ளே காற்று இருக்கிறது. காற்றை அமுக்க முடியும் அல்லவா, அந்த மெத்தென்ற உணர்வு அதுதான். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் பெடல் மேலே வந்து அங்கேயே நின்றால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். அப்போது பெடல் உயர்ந்து கெட்டியானால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டாம்.

பெடல் கல்போல இருந்து வண்டி மட்டும் நிற்காவிட்டால் பூஸ்டரையோ, சூடேறிய ஷூவையோ பாருங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் மிதித்துப் பிடித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கண்டு பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடுவதுண்டு. சற்றே இறங்கி நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் நோய்.

இன்னொன்று மலைக்காரர்களுக்கு. சிறுமலையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது பெடல் திடீரென்று மெத்தென்று ஆகித் தரைக்குப் போய், அரை மணி நேரம் ஆறியபின் சரியானால், ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலையிறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஆயிலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும், ஆவி காற்றைப்போல அமுங்கும். ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

டப்பாவைப் படிப்பது

பெடல் இறங்குகிறது என்றதும் பானெட்டைத் திறந்து ஆயிலை நிரப்புவது எல்லோருக்கும் தோன்றுகிற முதல் வேலை. தயவுசெய்து வேண்டாம். டப்பாவின் அளவுதான் உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி. ஊற்றிவிட்டால் சாட்சி போச்சு.

டப்பாவை வெளியே துடைத்து, இப்போது ஆயில் நிற்கிற இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றி, பிறகு கோடு போடுங்கள். உள்ளே தடுப்பு இருக்கும் டப்பா என்றால் இரு அறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் அறை மட்டும் குறைந்தால் அந்த அறையிலிருந்து ஆயில் போகிற பாதையில்தான் கசிவு. வண்டியை எடுக்காமல், காலையும் மாலையும் இருபது முப்பது முறை மிதித்து, இரண்டு நாள் கவனியுங்கள். பேட் தேயத் தேய மாதக்கணக்கில் ஆயில் சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு நாளில் கோடு இறங்கினால் அது இயல்பு இல்லை.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். புதிய ஆயில் தேன்போல இளமஞ்சளாக இருக்கும். கறுத்து, அடியில் வண்டல் இருந்தால் கப் கரைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் உப்பியிருந்தால் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். மதுரையில் இதை விளக்க வேண்டிய அவசியம் குறைவு. கோச்சடையில் பெல்ட்டும் வெள்ளரிப்பட்டியில் டயரும் செய்கிற ஊர் இது, ரப்பர் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பிரேக் கப் செய்யும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அப்படி ஆகியிருந்தால் ஒரு பாகத்தை மாற்றிப் பயனில்லை. ரப்பர் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும்.

கோடு இறங்கினால்: வெளியே தேடுங்கள்

ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில், பெடலுக்கு அடியில், மாஸ்டர் சிலிண்டருக்கு அடியில் செய்தித்தாளை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கறை எங்கே என்று பாருங்கள். கறை பிரேக் ஆயில்தானா என்று சந்தேகம் வந்தால் அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், இன்ஜின் ஆயில் கலக்காமல் திட்டுத் திட்டாக ஒதுங்கும். இதே காரணத்தால் பெயின்ட்டின் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் போதாது, பெயின்ட் உரிந்துவிடும். கண்ணில் பட்டாலும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிறகு சக்கரங்களின் உட்பக்கம். நம் ஊர்ப் புழுதி இதில் பெரிய உதவி. காய்ந்த புழுதிக்கு நடுவே கசிவு இருக்குமிடம் மட்டும் கறுப்பாகச் சேறு படிந்ததுபோல் இருக்கும். டயரின் உள்சுவரில் கோடுகோடாக ஈரம் வழிந்திருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியில் தூக்கியதோடு வேலை செய்யக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன்மேல் உட்கார வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, அவை சொல்லாமல் உடையும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வீல் சிலிண்டரின் இருபக்கமும் இருக்கும் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். சற்றே பிசுபிசுப்பு இருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஊறியது சூட்டில் திரும்பவும் வெளியே வரும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். இருபக்கமும் புது ஷூ போடுங்கள்.

முன்பக்கம் கேலிப்பர் சீல், ரப்பர் ஹோஸின் வளைவு, இரும்புக் குழாயின் இணைப்புகள். குழாய்க்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மழைநீர் தங்குகிற கிளிப் இருக்குமிடங்களில்தான் குழாய் முதலில் துருப்பிடிக்கும்.

பலர் பார்க்காமல் விடுகிற இடம் மாஸ்டர் சிலிண்டரின் பின்வாய். பூஸ்டர் இல்லாத வண்டியில் (என்னுடையதும் அப்படித்தான்) அங்கே கசிந்தால், பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளுகிற தள்ளுகோல் வழியாக வண்டிக்குள் வழியும். பெடலுக்கு அடியில் விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே போய்த் தேங்கிவிடும், சொட்டு வெளியே தெரியாது. இன்ஜின் அதை உறிஞ்சிப் புகைபோக்கியில் வெள்ளைப் புகையாகவும் விடலாம். டப்பா குறைகிறது, எங்கும் ஈரம் இல்லை என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடு அசையாவிட்டால்: மாஸ்டர் சிலிண்டரைக் கேளுங்கள்

இதற்கு ஓர் ஆள் துணை வேண்டும். என் மகள்தான் உட்கார்ந்து மிதித்தாள். டப்பாவின் மூடியைத் திறந்து ஆயிலின் மேற்பரப்பைப் பாருங்கள், முகத்தைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். மிதிக்கத் தொடங்கியவுடன் சிறு ஊற்றுபோல ஒரு தெறிப்பு வரும். அது இயல்பு, கப் அந்தத் துளையைத் தாண்டும்வரை வருவது. அப்புறம் மேற்பரப்பு அசையாமல் நிற்க வேண்டும். “மெதுவா மிதிச்சுப் புடி, விட்டுறாதம்மா” என்று சொல்லிவிட்டுக் கவனியுங்கள். பெடல் இறங்க இறங்க ஆயிலில் மெல்லிய சுழல் ஓடினாலோ, மட்டம் மயிரிழை அளவு உயர்ந்தாலோ, ஆயில் திரும்பி வருகிறது. எனக்கு அந்தச் சுழல் தெரிந்தது. டப்பாவைப் பார்த்தபடியே, “இறங்குதா?” என்றேன். “ஆமாப்பா, இறங்குது” என்றாள்.

கண்ணால் பார்த்தது போதாது, உறுதி வேண்டும் என்றால் அடைத்துப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்கள் புறப்படும் வாய்களில் குழாயைக் கழற்றிவிட்டு, அதே இழையுள்ள அடைப்பு போல்ட்டை முறுக்க வேண்டும். இரண்டு வாய் என்றால் இரண்டையும், மூன்று நான்கு என்றால் அத்தனையும். நல்ல மெக்கானிக்கிடம் இந்த போல்ட் இருக்கும். குழாய் நட்டைக் கழற்ற, நட்டின் பக்கங்களைச் சுற்றிப் பிடிக்கும் குழாய் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். சாதா ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும். அடைத்தபின் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிவிட்டு மிதியுங்கள். இப்போது சக்கரங்களுக்கும் பெடலுக்கும் சம்பந்தமே இல்லை. பெடல் சுவரை மிதித்ததுபோல மேலேயே நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது, கோளாறு அதற்கு அப்பால். அப்போதும் இறங்கினால், அதுதான் குற்றவாளி.

ஹோஸ்களைக் கிளாம்ப் போட்டு நசுக்கி ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்கிற முறையும் உண்டு. எல்லா ஹோஸையும் பிடித்தால் பெடல் நிற்கிறது, ஒன்றை விடுவித்ததும் இறங்குகிறது என்றால் அந்தச் சக்கரம். சுலபமான முறைதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய ஹோஸில் எனக்கு இது பிடிக்காது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் பிளந்துவிடும், நீங்களே ஒரு புதிய கோளாறை உண்டாக்கியதாகும். செய்தே ஆகவேண்டும் என்றால் பல் இல்லாத, வழவழப்பான கிளாம்ப் மட்டும். பிளையரால் நசுக்கவே கூடாது.

மாற்றும்போது

ரப்பர் கிட் மட்டும் போடுவதா, சிலிண்டரையே மாற்றுவதா? கிட் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் கப் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். ஈரம் ஏறிய ஆயில் சுவரைச் சொறிபிடிக்க வைத்தது, சொறி கப்பைக் கிழித்தது. அதே சொறியில் புதுக் கப்பும் சில மாதத்தில் கிழியும். சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள், நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கிட் வேண்டாம். அலுமினிய சிலிண்டரைத் தேய்த்துச் சரிசெய்யவும் கூடாது, மேலே இருக்கிற பாதுகாப்புப் படலம் போய்விடும். பிரேக்கில் மட்டும் நான் முழு அசெம்பிளிதான் வாங்குகிறேன். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் விட்டம், வாய்களின் எண்ணிக்கை, போல்ட் துளை எல்லாம் ஒத்துப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

புதியதை வண்டியில் மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, வாய்களிலிருந்து சிறு குழாய்களை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் சிலிண்டருக்குள் தங்குகிற காற்றை எடுக்க அரை நாள் போகும்.

மாட்டியபின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். விரலால் பெடலைத் தொட்டால் முதலில் கொஞ்சம் சும்மா ஆடவேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கப் துளையை மூடியபடியே நிற்கும், ஆயில் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடித்துச் சக்கரம் கொதிக்கும்.

ஏர் எடுப்பது

என் வண்டியை முதல் பட்டறையில் கெடுத்தது இந்த வேலைதான் என்று பிறகு புரிந்தது. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தார்கள். இருபது வருடமாகப் பிஸ்டன் போகாத தூரம் அது. அங்கே சுவரில் துருவும் வண்டலும் படிந்திருக்கும். கப் அதன்மேல் போய்வந்ததும் மிச்சமிருந்த விளிம்பும் கிழிந்துபோகும். பழைய சிலிண்டரோடு ஏர் எடுக்கும் யாரும் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுச் செய்யுங்கள். வழக்கமாகப் பெடல் போகிற தூரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வருவது வழக்கம். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் வண்டியின் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதைக் கேளுங்கள். சக்கரத்தில் ஏர் வெளியேறுகிற சின்னத் திருகான நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்து “புடிச்சுட்டேன்” என்று சொன்னபிறகு நிப்பிளைத் திறக்க வேண்டும், மூடிவிட்டு “விடு” என்று சொன்னபிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வார்த்தைகள் மாறினால் காற்று உள்ளே போய்விடும். டப்பா காலியாக விடாதீர்கள். பாட்டிலில் வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். புதிய டப்பியைத் திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்த ஆயிலும் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். டப்பாவின் மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தால் டாட் 3, அல்லது டாட் 4. சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட்டால் அந்தச் சொறி உருவாகவே நேரம் எடுக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

உடனே சாலைக்குப் போகாதீர்கள். மறுபடி ஸ்கேல் சோதனை, மூன்று வகை மிதியும். எல்லா இணைப்புகளையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி, காலியான சமதளத்தில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் 20 கிலோமீட்டர் வேகத்தில், அப்புறம் 40ல். நான் விடியற்காலையில் நாகமலை அடிவாரத்தில் ஆளில்லாத ஒரு சாலையில் செய்தேன்.

திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவு மறுபடி செய்தித்தாள். ஒரு வாரம் தினமும் காலையில் மார்க்கர் கோட்டைப் பாருங்கள். என் வண்டியில் அந்தக் கோடு அசையவில்லை. எட்டாம் நாள் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அதே ஆண்டாள்புரம் பாலத்தின் இறக்கத்தில், கால் லேசாகப் பிரேக்கில் இருக்க, முன்னால் இருந்த வண்டிகள் நகரும்வரை நின்றேன். பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது.